நான் சொன்ன காரணங்கள்

2015ஆம் ஆண்டுப் பிரித்தானியப் பொதுத்தேர்தலில் லேபர் கட்சிக்காக லண்டன் ஹரோவில் வீடுவீடாகப் போய் வாக்குக் கேட்டேன். வாக்குச்சாவடிக்குள் போனதும் கொன்சர்வேட்டிவ் வேட்பாளருக்குப் புள்ளடி போட்டேன். 2017இலும் அப்படித்தான், 2019இலும் அப்படித்தான். வீட்டில் சொல்லவில்லை. கட்சிக் கிளையிலும் சொல்லவில்லை. சட்டையில் குத்திய சிவப்புச் சின்னத்தோடு மற்றவர்களுடன் நின்று தேநீர் குடித்தேன்.

கட்சி மாறியதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. இந்த நாட்டில் கொன்சர்வேட்டிவ் கட்சிக்கு வாக்களித்தவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் யோசித்துத்தான் போடுகிறார்கள். என் குற்றம் வேறு. தமிழர்கள் ஏன் லேபரை விட்டுப் போகிறார்கள் என்று கட்சிக்காரர்கள் என்னிடம் கேட்டபோதெல்லாம் நான் ஒரு காரணம் சொன்னேன். போனவர்களில் நானும் ஒருவன். நான் போன காரணம் அதுவல்ல என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அந்தப் பொய்க்கு, 2009இல் போரின் முடிவில் முள்ளிவாய்க்காலில் செத்தவர்களைத் துணைக்கு இழுத்தேன். இதைச் சொல்லாமல் இனி அரசியல் கதைக்க எனக்கு வாய் இல்லை.

நான் லண்டனுக்கு வந்தது 1984இல், கணக்கியல் படிக்க. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பில் இருக்க வழியில்லை. ஊரில் வைத்திருக்க அம்மாவுக்குப் பயம். அப்போது இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா தேவையில்லை. அடுத்த வருடமே, 1985 மே மாதத்தில், தாச்சர் அரசு விசாவைக் கொண்டுவந்தது. கொமன்வெல்த் நாடு எதற்கும் அதுவரை இல்லாத கட்டுப்பாடு. முதலில் எங்கள் தலையில் விழுந்தது. 1987 பெப்ரவரியில், ஹீத்ரோ விமானநிலையத்தில் திருப்பி அனுப்பப்படவிருந்த தமிழர்கள் உடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு விமானத்தருகே நின்று போராடினார்கள். சில வாரங்களில் உள்துறை அமைச்சர் டக்ளஸ் ஹேர்ட் ஒரு சட்டத்தோடு வந்தார்: உரிய தாள்கள் இல்லாதவரை ஏற்றிவரும் விமான நிறுவனத்துக்கு ஆளுக்கு ஆயிரம் பவுண் தண்டம். அதே வருடம் ஹாரிச் துறைமுகத்தில் 'ஏர்ல் வில்லியம்' என்ற பயணிகள் கப்பலைக் கட்டி வைத்து, அதற்குள் அகதிகளை அடைத்தார்கள். பெரும்பாலும் எங்கள் ஆட்கள். ஒக்டோபர் பெரும்புயலில் கப்பல் கயிறறுத்துக்கொண்டு போனது. அதன் பிறகுதான் உள்ளே இருந்தவர்களை வெளியே விட்டார்கள். அப்படி வெளியே வந்த ஒரு பெடியன் ஈஸ்ட் ஹாமில் நாங்கள் இருந்த அறையில் சில மாதம் தரையில் படுத்தான். காற்று பலமாக அடிக்கும் இரவுகளில் எழும்பிச் சுவரோடு சாய்ந்து இருந்துவிடுவான்.

அந்தக் காலத்தில் பாராளுமன்றத்தில் எங்களுக்காகக் கதைத்தவர்களில் ஜெரமி கோர்பினும் ஒருவர். நான் லேபரில் சேர்ந்தது அப்போதுதான். கொள்கை படித்துச் சேரவில்லை. அடைத்தவர்கள் ஒரு பக்கம், விடச் சொன்னவர்கள் மறுபக்கம். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்திருந்தது, அது போதுமாகவும் இருந்தது.

டோரிக்கு, அதாவது கொன்சர்வேட்டிவுக்கு, வாக்களிக்கும் ஏழைகளை அப்போது எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது. பெற்றோல் ஸ்டேஷனில் இரவு வேலை செய்தேன். விடியற்காலையில் சிகரெட் வாங்க ஒரு வெள்ளைக்காரர் வருவார், வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர், பரம்பரை லேபர்காரர். 1980ஆம் ஆண்டு வீட்டுச் சட்டம் கவுன்சில் வீட்டில் மூன்று வருடம் குடியிருந்தவருக்கே விலையில் 33 வீதம் கழித்துக் கொடுத்தது. இருந்த வருடம் கூடக்கூடக் கழிவும் 50 வீதம் வரை ஏறியது. அவர் தன் வீட்டை வாங்கிவிட்டார். வாங்கியதும் செய்த முதல் வேலை வாசல் கதவுக்கு நீல நிறம் அடித்தது. அந்தத் தெரு முழுக்கக் கவுன்சில் ஒரே பச்சைதான் அடிக்குமாம். தன் தாய் அந்தப் பச்சைக் கதவை மாற்றச் சொல்லிக் கடிதம் எழுதி எழுதியே செத்துப்போனதாகச் சொன்னார். தாச்சருக்கு வாக்களித்ததை அவர் மறைக்கவில்லை. நான் தலையாட்டிக்கொண்டு மிச்சக் காசைக் கொடுத்தேன். அறைக்கு வந்து, ஒரு கதவுக்காகத் தன் ஆட்களை விற்ற மனிசன் என்று கூட இருந்தவர்களிடம் ஏசினேன்.

ஹரோவில் வீடு வாங்கி வந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் ஒரு குஜராத்திக்காரர், கம்பாலாவில் பிறந்தவர். கோயிலுக்குப் போவதுபோல ஒழுங்காகக் கொன்சர்வேட்டிவுக்கு வாக்களிப்பார். நான் ஒருநாள் வாய்விட்டுக் கேட்டேன். அவர் சரித்திரம் சொன்னார். 1968இல், கென்யாவிலிருந்து பிரித்தானியக் கடவுச்சீட்டோடு வரவிருந்த ஆசிய மக்களை மறிக்க அவசரச் சட்டம் போட்டது ஹரோல்ட் வில்சனின் லேபர் அரசு. 1972இல் இடி அமீன் 90 நாள் கெடு வைத்து உகண்டாவிலிருந்து துரத்தியபோது, கட்சிக்குள் எதிர்ப்பு இருந்தும், ஏறத்தாழ 28,000 பேரை உள்ளே எடுத்தது கொன்சர்வேட்டிவ் பிரதமர் எட்வேர்ட் ஹீத். லேபர் கையில் இருந்த லெஸ்டர் நகரசபை அப்போது உகண்டாப் பத்திரிகையில் எங்கள் ஊருக்கு வராதீர்கள் என்று விளம்பரம் போட்டது. "என்னை உள்ளே விட்டவர் ஹீத். உங்கள் ஆட்களைத் திருப்பி அனுப்பியவர் தாச்சர். இரண்டு பேரும் ஒரே கட்சிதான். நீங்கள் உங்கள் கடனைக் கட்டுங்கள், நான் என்னுடையதைக் கட்டுகிறேன்" என்றார்.

அந்தப் பெயின்ட்காரரிடமும் பக்கத்து வீட்டுக்காரரிடமும் ஒரு நேர்மை இருந்தது. ஏன் போட்டேன் என்று கேட்டவனுக்குச் சொன்னார்கள். கேட்டவன் முகம் சுளிப்பான் என்று தெரிந்தும் சொன்னார்கள்.

என் காரணம் ஒரு வீடு. குடியிருக்கும் வீடல்ல, ஹேய்ஸில் வாடகைக்கு விட்ட இரண்டாவது வீடு. இரண்டு சீட்டுக் காசை எடுத்து முற்பணம் கட்டி, மிச்சத்தை மோட்கேஜில் போட்டு 2006இல் வாங்கியது. கீழே ஒரு குடும்பம், மேலே அறை அறையாகப் பெடியள். எல்லோரும் போர் முடிந்த பிறகு வந்தவர்கள். 2015 ஏப்ரலில் லேபர் தலைவர் எட் மிலிபாண்ட் ஒரு அறிவிப்புச் செய்தார்: வாடகைக்கு இருப்பவர்களுக்கு மூன்று வருட ஒப்பந்தம், அதற்குள் வாடகை ஏற்றத்துக்கு உச்சவரம்பு. கொன்சர்வேட்டிவ் விஞ்ஞாபனமோ, தாய் தகப்பன் பிள்ளைகளுக்கு விட்டுப்போகும் வீட்டுக்குப் பத்து இலட்சம் பவுண் வரை பரம்பரைச் சொத்து வரி வராது என்றது. என் கடையில் ரில்லில் நின்றபடி ரசீதுத் தாளின் பின்பக்கத்தில் இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவ்வளவுதான். ஒரு கொள்கை உடையவுமில்லை, ஒரு கொள்கை பிறக்கவுமில்லை. கூட்டிக் கழித்து அடியில் கோடு போட்டபோதே என் வாக்கு எங்கே போகும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் தாளைக் கசக்கிப் போட்டேன்.

அதே கிழமை மேல் அறைப் பெடியன் ஒருவன் தொலைபேசியில் படம் அனுப்பினான். ஜன்னலுக்குக் கீழே சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம். "அண்ணை, ஒருக்கா வந்து பாருங்கோ, இரவில இருமல் விடுதில்லை" என்று குரல் பதிவும் வந்தது. போனேன். கையோடு கொண்டுபோன ப்ளீச் போத்தலைக் கொடுத்து, "ஈர உடுப்பை அறைக்குள்ள காயப் போடாதேங்கோ, ஜன்னலைத் திறந்து விடுங்கோ தம்பி" என்றேன். அப்படிச் சொல்வதற்கு முன்பே நான் பின்வளவுக்குப் போய்ப் பார்த்திருந்தேன். கூரைப் பீலி வெடித்து, தண்ணீர் அந்தச் சுவர் வழியாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தது. ஏணி வைத்துப் பீலி மாற்றுகிறவர் கேட்கும் காசை மனதுக்குள் கணக்குப் பார்த்துவிட்டுத்தான் ஜன்னலைப் பற்றிச் சொன்னேன். அவன் "சரி அண்ணை" என்றான். அன்று பின்னேரம் லேபரின் துண்டுப்பிரசுரக் கட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். வாடகைக்கு இருப்பவர்களுக்கான வாக்குறுதி அதில் பெரிய எழுத்தில் இருந்தது. அதைப் படித்துக்காட்டி வாக்குக் கேட்டேன்.

ஹரோ ஈஸ்டில் அந்த முறை லேபர் நிறுத்தியது உமா குமரனை, ஈழத்தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையை. எங்கள் பிள்ளை ஒன்று பாராளுமன்றம் போக வேண்டும் என்று கோயிலிலும் கடையிலும் கலியாண வீடுகளிலும் நான் கதைக்காத ஆள் இல்லை. வாக்குச்சீட்டில் அந்தப் பெயரைக் கண்டேன். கண்டும் கொன்சர்வேட்டிவ் வேட்பாளர் பொப் பிளக்மனுக்குப் போட்டேன். அவர்தான் வென்றார்.

தோல்விக்குப் பிறகு கூடிக் கதைத்தோம். தமிழ் வாக்குகள் நினைத்த அளவு வரவில்லை என்று பேச்சு எழுந்ததும் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் எழும்பிச் சொன்னேன். 2009இல் எங்கள் சனம் செத்துக்கொண்டிருந்தபோது ஆட்சியில் இருந்தது கோர்டன் பிறவுணின் லேபர் அரசு. பாராளுமன்றச் சதுக்கத்தில் வாரக்கணக்கில் கிடந்தோம். வெளியுறவு அமைச்சர் டேவிட் மிலிபாண்ட் கொழும்புக்குப் போய்ப் போர்நிறுத்தம் கேட்டு வெறுங்கையோடு திரும்பினார். 2013 நவம்பரில் கொன்சர்வேட்டிவ் பிரதமர் டேவிட் கமரன் யாழ்ப்பாணம் போனார். 1948க்குப் பிறகு வடக்குக்குப் போன முதல் வெளிநாட்டு அரசுத் தலைவர் அவர்தான். உதயன் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனார், இடம்பெயர்ந்தவர்களின் முகாமுக்குப் போனார். தமிழன் அதை மறப்பானா என்று கேட்டேன். என் குரல் தழுதழுத்தது, அது நடிப்பல்ல. அந்தத் துயரம் உண்மையானது, அதனால்தான் அதற்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்ள முடிந்தது. செயலாளர், ஓய்வுபெற்ற தாதி, நான் சொன்னதை ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டார்.

சொன்ன சம்பவங்கள் எல்லாம் நடந்தவை. சிலருக்கு அவையே காரணமாகவும் இருந்திருக்கும். எனக்கு இல்லை. 2010 மே தேர்தல் முள்ளிவாய்க்கால் முடிந்து ஒரு வருடத்துக்குள் வந்தது. கோபம்தான் காரணமென்றால் நான் அப்போதே மாறியிருக்க வேண்டும். அந்தத் தேர்தலில் லேபருக்குத்தான் போட்டேன், எந்தத் தயக்கமும் இல்லாமல். 2010இல் வாடகை உச்சவரம்பு என்று எவரும் கதைக்கவில்லை.

என் பொய் என்னோடு நிற்கவில்லை. அதன் பிறகு எங்கள் பக்கத்தில் தமிழ் வீடுகளுக்கென்று அடித்த தாள்களில் இலங்கை, போர்க்குற்ற விசாரணை, மனித உரிமை. அவை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் கடை வாடகை, வீட்டு விலை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், களவு என்று எங்கள் சனம் இரவில் நித்திரை கொள்ளாமல் யோசிக்கும் ஒன்றைப் பற்றியும் அதில் ஒரு வரி இல்லை. தமிழருக்கு ஊர்தான் முக்கியம் என்று ஆலோசனை சொன்னவன் நான். எங்களுக்கும் வயிறும் வங்கிக் கணக்கும் இருக்கின்றன என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தை விடப் பயம் அதிகம். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி என்னைப் பற்றி வரும்.

வாசல்களிலும் இதே கதைதான். தமிழ்ப் பெயர் உள்ள வீடுகள் எல்லாம் என் தாளில்தான் இருக்கும். கதவைத் திறந்து, "ஓம் அண்ணை, உங்களுக்குத்தான், இதுவும் கேக்கோணுமே" என்பார்கள். சொல்லும்போது கண் என் தோளுக்கு மேலால் ரோட்டைப் பார்க்கும். அந்தப் பார்வை எனக்கு அத்துப்படி. நானும் அப்படித்தான் செயலாளரைப் பார்த்தேன். தாளில் அவர்களுடைய பெயருக்கு நேரே லேபர் என்று குறித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். "உண்மையா என்ன யோசிக்கிறீங்கள், உள்ள வந்து இருந்து கதைப்பமா" என்று ஒரு வீட்டில்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர்களும் என்னைக் கேட்டிருப்பார்கள்.

1992 தேர்தலில் கருத்துக்கணிப்புகள் லேபர் சற்று முன்னால் என்று காட்டின. ஜோன் மேஜர் வென்றார். டோரிக்குப் போடுவதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டவர்கள் இருந்தார்கள் என்று பிறகு நிறைய எழுதினார்கள். 2015இலும் கணிப்புகள் பிழைத்தன. ஆனால் அந்த முறை ஆராய்ந்த குழு, கேட்கப்பட்ட மாதிரிக் கூட்டமே பிழை என்று கண்டது. கூச்சப்பட்டுப் பொய் சொன்னவர்கள் முதன்மைக் காரணம் இல்லை. அதை வாசித்தபோது எனக்கு ஒரு நிம்மதி வந்தது. நாடு தழுவிய பிழைக்கு என்னைப் போன்றவர்கள் காரணமில்லை என்ற நிம்மதி. என் தெருவில் நடந்த பிழைக்கு நான்தான் காரணம் என்பதை அந்த நிம்மதியால் மூடிவைத்தேன்.

2016இல் லண்டன் மேயர் தேர்தல் வந்தது. லேபரின் சாதிக் கானை எதிர்த்து நின்ற கொன்சர்வேட்டிவ் வேட்பாளர் சாக் கோல்ட்ஸ்மித்தின் பிரசாரம் இந்தியர், தமிழர் என்று பெயர் பார்த்துத் தனித்தனித் தாள் அனுப்பியது. தமிழ் வீடுகளில் நகை இருப்பதால் திருடர்கள் குறிவைக்கிறார்கள் என்ற கதை அதில் வந்தது. லேபர்காரர் குடும்ப நகைக்கும் வரி போடுவார்கள் என்ற மிரட்டலும் அந்தப் பிரசாரத்தில் இருந்தது. பத்திரிகைகள் கண்டித்தன. மகள் அதை மேசையில் எறிந்து, "எங்களை என்னெண்டு நினைக்கிறாங்கள் அப்பா?" என்று கேட்டாள். நானும் சேர்ந்து ஏசினேன். அவள் போன பிறகு அறைக்குள் போய், அலுமாரி லாச்சியைத் திறந்து, மனைவியின் தாலிக்கொடிப் பெட்டி இருக்கிறதா என்று பார்த்தேன். பூட்டினேன். திரும்பவும் இழுத்துப் பார்த்தேன். தாளை எழுதியவர்கள் எங்களைக் கேவலமாக நினைத்திருக்கலாம். ஆனால் என் லாச்சிக்குள் என்ன இருக்கிறது என்று என் கட்சியை விட அவர்களுக்குத் தெரிந்திருந்தது. என் கட்சிக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம், சொல்ல வேண்டியவன் சொல்லாதது.

காசுதான் காரணமென்று இதோடு முடித்துவிடலாம். முடித்தால் அதுவும் அரைப் பொய். ஏனென்றால் நான் வாக்களித்து வெல்லவைத்த அதே அரசு, தேர்தல் முடிந்து இரண்டு மாதத்தில் என்னை அடித்தது. 2015 ஜூலை வரவுசெலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் ஜோர்ஜ் ஒஸ்போர்ன், வாடகை வீட்டு மோட்கேஜ் வட்டிக்குக் கிடைத்த வரிச்சலுகையை 2017 முதல் படிப்படியாக வெட்டுவதாக அறிவித்தார். எட் மிலிபாண்டின் உச்சவரம்பு எனக்குத் தந்திருக்கக்கூடிய நட்டத்தை விட அது பெரிது. கணக்குப் படித்தவன், எனக்குத் தெரியும். அப்படியிருந்தும் 2017இல் திரும்பிவரவில்லை.

ஏன் என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். முதல் முறை காசுக்காகப் போனேன். போன பிறகு அங்கே எனக்கு ஒரு மரியாதை கிடைத்ததாக நினைத்துக்கொண்டேன். எவரும் கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டது. லேபர் கூட்டத்தில் நான் எப்போதும் காப்பாற்றப்பட வேண்டியவன். என் பெயருக்கு முன்னால் அகதி என்ற சொல் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும். வாக்குச்சீட்டின் மற்றப் பக்கத்தில் நான் வீட்டுக்காரன், கடைக்காரன், வரி கட்டுகிறவன். எவருக்கும் கடமைப்படாதவன். அந்தப் புள்ளடியைப் போடும்போது ஹேய்ஸ் வீட்டு மேல் அறையில் இருமிக்கொண்டிருந்தவனுக்கும் எனக்கும் இடையில் ஒரு கோடு விழுந்தது. எனக்கு அந்தக் கோடு தேவைப்பட்டது. ஈஸ்ட் ஹாமில் தரையில் படுத்த பெடியனும் நானும் ஒரே பாயில் கிடந்தவர்கள் என்பதை மறக்க அது தேவைப்பட்டது. இதைவிட நேராக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

2019 வந்தபோது லேபரின் தலைவர் ஜெரமி கோர்பின். எங்களுக்கு எவரும் இல்லாத காலத்தில் எழும்பிக் கதைத்த அதே மனிதர். அவருடைய கொள்கைகளில் எனக்கு உடன்பாடில்லாதவை இருந்தன, அவற்றை வெளியே சொல்லி எதிர்த்திருக்கலாம். நான் செய்தது வேறு. அந்தச் செப்டம்பரில் லேபர் மாநாடு காஷ்மீர் பற்றி ஒரு தீர்மானம் போட்டதிலிருந்து ஹரோ முழுக்க வாட்ஸ்அப்பில் லேபர் இந்துக்களுக்கு எதிரி என்று தகவல்கள் பறந்தன. அப்படி எனக்கு வந்த ஒன்றில் பாதிக்கு மேல் பொய் என்று வாசித்ததுமே தெரிந்தது. எங்கள் கோயில் குழுவுக்கு அதை அனுப்பினேன். மேலே ஒரு வரி சேர்த்தேன்: "உண்மையோ தெரியாது, யோசியுங்கோ." அந்த ஒரு வரிதான் என் தந்திரம். பொய்யைப் பரப்பிவிட்டு, பரப்பவில்லை என்று எனக்கே சொல்லிக்கொள்ள அது உதவியது.

டிசம்பர் 12 இரவு கொன்சர்வேட்டிவ் 365 இடம் வென்றது. லேபர் 202, 1935க்குப் பிறகு அவ்வளவு கீழே போனதில்லை. டெனிஸ் ஸ்கின்னர் 1970 முதல் வைத்திருந்த பொல்சோவர் போனது, டோனி பிளேயர் இருந்த செட்ஜ்ஃபீல்ட் போனது. பழைய சுரங்க ஊர்களுக்கு நிருபர்கள் போய், ஏன் மாறினீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். பிரெக்சிட் என்றார்கள், கோர்பினைப் பிடிக்கவில்லை என்றார்கள், எங்களை மறந்துவிட்டார்கள் என்றார்கள். நான் தொலைக்காட்சியில் அவர்களுடைய கண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களில் பலர் உண்மை சொல்லியிருப்பார்கள். என்னிடம் ஒலிவாங்கியை நீட்டியிருந்தால் நான் சொல்லியிருக்க மாட்டேன்.

இனி நான் எழுதப்போவதுதான் எழுத எனக்குக் கஷ்டமானது. 2021 ஒக்டோபரில் கனடாவுக்குப் போகப் புறப்பட்ட ஒரு மீன்பிடிப் படகு இந்துசமுத்திரத்தில் தத்தளித்து, அதிலிருந்த தமிழர்கள் பிரித்தானியாவின் டியகோ கார்சியாத் தீவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். குழந்தைகளோடு கூடாரத்தில், எலிகளுக்கு நடுவே வருடக்கணக்கில் வைத்தார்கள். தற்கொலைக்கு முயன்ற சிலரை வைத்தியத்துக்கென்று ருவாண்டாவுக்கு அனுப்பினார்கள். பெரும்பாலோரை இங்கே எடுத்தது 2024 டிசம்பரில். அதே மாதம் அந்தத் தீவுக்குரிய பிரித்தானியப் பிராந்தியத்தின் நீதிமன்றம் அவர்களை வைத்திருந்தது சட்டவிரோதம் என்றது. 2022 ஏப்ரலில் பிரதமர் பொரிஸ் ஜோன்சன், படகில் வருகிறவர்களை ருவாண்டாவுக்கு அனுப்பும் திட்டத்தை அறிவித்தார். அந்த அரசு நான் புள்ளடி போட்ட அரசு. ஏர்ல் வில்லியம் கப்பலை நினைத்தேன், வெட்கப்பட்டேன், அதனால் திரும்பிவந்தேன் என்று எழுத எனக்கு எவ்வளவு ஆசை. நண்பர்களிடம் அப்படித்தான் சொல்லியும் விட்டேன்.

நடந்தது அதுவல்ல. ருவாண்டாச் செய்தியை வாசித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். 2022 செப்டம்பர் 23இல் பிரதமர் லிஸ் ட்ரஸ்ஸின் நிதியமைச்சர் ஒரு சிறு வரவுசெலவுத் திட்டம் போட்டார். ஒக்டோபரில் புதிய இரண்டு வருட நிலையான மோட்கேஜ்களுக்கு வங்கிகள் கேட்ட சராசரி வட்டி 6 வீதத்தைத் தாண்டியது. என்னுடைய நிலையான வட்டிக் காலம் அடுத்த மாசியில் முடிய இருந்தது. வங்கியின் கடிதம் வந்த அன்றுதான் நான் முதன்முதலாகச் சத்தமாக, "இந்த டோரிகளால நாடு அழிஞ்சுபோச்சு" என்றேன். போகும்போதும் அந்த வீடுதான், வரும்போதும் அந்த வீடுதான். கூடாரத்தில் இருந்த பிள்ளைகளால் செய்ய முடியாததை ஒரு வட்டி வீதம் என்னிடம் செய்தது.

2023இல் ஒரு இரவு மனைவிக்கும் மகளுக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். மகள் 2009இல் சதுக்கத்தில் படுத்தவள். அவள் கட்சியைப் பற்றிக் கேட்கவில்லை. "அந்தப் பீலியை எப்ப திருத்தினீங்கள்?" என்று கேட்டாள். அந்தப் பெடியன் வீடு மாறிப் போன பிறகு, புது ஆட்கள் வர முதல், என்றேன். அவள் எழும்பித் தன் அறைக்குப் போய்விட்டாள். மனைவி இருந்தபடியே இருந்து, கோயில் குழுவுக்கு அனுப்பிய தகவலைப் பற்றி அந்தக் குழுவிலேயே எழுதச் சொன்னா. எழுதினேன். சிலர் குழுவை விட்டுப் போனார்கள், பலர் ஒன்றும் சொல்லவில்லை.

கிளைச் செயலாளரிடம் நேரே போய்ச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, தமிழ் வீடுகளுக்கு இனி என்ன எழுதுவது என்று மட்டும் கேட்டார். கடை வாடகையிலிருந்து தொடங்கி, எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 2024 ஜூலையில் லேபருக்குப் போட்டேன், போட்டதை எல்லோருக்கும் சொன்னேன். நாடு முழுக்க லேபர் அள்ளியது. ஸ்ட்ராட்ஃபேர்ட் அன்ட் போ தொகுதியில் உமா குமரன் வென்றார். ஹரோ ஈஸ்ட் அசையவில்லை. பிளக்மன் பதிவான வாக்குகளில் பாதிக்கு மேல் எடுத்தார். அந்த வாக்குகளுக்குப் பின்னால் என்னென்ன காரணங்கள் இருந்தன என்று ஒவ்வொரு வீடாகக் கேட்டு அறிந்திருக்க வேண்டிய வருடங்களை நான் வீணாக்கினேன்.

இப்போது என் சின்னம்மாவின் மகன் ரிஃபோர்ம் கட்சிக்குப் போடப்போகிறான். 1999இல் லொறிக்குள் ஒளிந்து வந்தவன். ஹீத்ரோப் பக்கம் ஒரு கிடங்கில் இரவு வேலை. "படகில வாறவங்களுக்கு ஹோட்டலாம் அண்ணை, நாங்கள் பட்ட பாடு ஆருக்குத் தெரியும்" என்று தொடங்கினான். நீயே லொறியில் வந்தவன்தானே என்று சொல்ல வாய் வந்தது. மற்றவர்கள் எல்லோரும் அவனுக்கு அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். நான் ஹேய்ஸ் வீட்டுக் கதையைச் சொன்னேன், பீலி, ரசீதுத் தாள், வங்கிக் கடிதம் எல்லாம். கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகுதான் கதைத்தான்: கிடங்கில் ஏஜென்சி ஆட்களை எடுக்கத் தொடங்கிய பிறகு அவனுடைய இரவு வேலை கிழமைக்கு ஐந்திலிருந்து மூன்றாகிவிட்டது, மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை, காலையில் வழக்கமான நேரத்துக்குத்தான் வீட்டுக்குப் போகிறான், மிச்ச இரண்டு இரவும் காரை எங்காவது நிறுத்திவிட்டு அதற்குள் இருக்கிறான்.

அவனுடைய வாக்கை மாற்ற நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்த மாதக் கிளைக் கூட்டத்தில், அவனிடம் கேட்டுக்கொண்டு, பெயர் சொல்லாமல், அந்தக் கிடங்கில் இரவு வேலை எப்படிப் பிரிக்கப்படுகிறது என்பதை எழும்பிச் சொன்னேன். தமிழர்கள் என்ன யோசிக்கிறார்கள் என்று ஒருவர் கேட்டார். ஒரு ஆள் என்ன யோசிக்கிறான் என்றுதான் எனக்குத் தெரியும், மற்றவர்களை அடுத்த கிழமை போய்க் கேட்கிறேன் என்றேன்.